பத்தும் பத்தும் இருபத்தொன்று

இருபது வருஷ காலமாகப் பள்ளிக்கூடத்தில் கணிதம் கற்பித்து வரும் நாம், பத்தும் பத்தும் இருபத்தொன்று என்று பதினொரு பெரியவர்களுக்கு முன்னால் நிரூபித்துக் காட்டினோம் என்றால், வாசகர்கள் நமது மூளையைப் பற்றிச் சந்தேகம் கொள்ளக்கூடும். ஆயினும் அது நடந்த விஷயம். நடந்த இடம் கோயமுத்தூரில் மோட்டார் பம்புகள் செய்யும் ஒரு தொழிற்சாலையின் சாப்பாட்டுக் கூடம். எதிரே உட்கார்ந்திருந்தவர்கள் அத் தொழிற்சாலையின் மானேஜர்கள். அவர்களில் ஒருவராவது எழுந்து, "இதென்ன அநியாயம்!" என்று கேட்பார் என எதிர்பார்த்தோம். ஒருவரும் கேட்கவில்லை. பதினொரு பேரும் அதை நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொண்டார்கள்!

இந்த வம்பில் நாம் மாட்டிக்கொண்ட வரலாறு சுருக்கமானது. அத் தொழிற்சாலையின் முதலாளி ஒரு காலத்தில் நம்மிடம் பத்தாம் வகுப்புப் படித்த பிள்ளை. ஒரு நாள் பழத்தட்டுடன் வீட்டுக்கு வந்தான். குசலப் பிரசினங்கள் முடிந்த பிறகு, "சார், எங்க மானேஜருங்க எல்லாரும் கெட்டிக்காரங்க. மிஷினைக் கண்ணை மூடிட்டுப் பிரிச்சுப் பூட்டுவாங்க. ஆனா நூத்துக்கு எவ்வளவுன்னு கேட்டா ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பார்க்கறாங்க. போன வருஷம் பம்பு நல்லா வித்துது, காசுதான் நிக்கல. செம்பு விலைன்னு நானே என்னைச் சமாதானம் பண்ணிக்கிட்டேனுங்க. நீங்கதான் ஒரு வழி சொல்லோணும்" என்றான்.

ஞாயிற்றுக்கிழமைதோறும் இரண்டு மணி நேரம், எட்டு வாரம் கணக்குச் சொல்லித் தருவதென்று ஒப்புக்கொண்டோம். ஆனால் ஒரு நிபந்தனை விதித்தோம். விளம்பரத் தாளில் 'கணக்கு' என்ற சொல் எங்கும் இருக்கக் கூடாது. 'எக்ஸெல் வகுப்பு' என்றுதான் போடவேண்டும். ஐம்பது வயதில் எக்ஸெல் தெரியாது என்று சொல்லிக்கொள்ள யாரும் வெட்கப்படுவதில்லை. அது சின்னப் பிள்ளைகளின் சமாசாரம் என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிடலாம். சதவீதம் தெரியாது என்று சொல்ல முடியுமா? சம்பளம் வாங்குகிற மனிதன், கீழே நாற்பது பேரை வைத்து வேலை வாங்குகிற மனிதன், அதை எப்படிச் சொல்லுவான்? ஆகவே அவன் தெரிந்தவன்போல் தலையை ஆட்டுகிறான், வருஷங்கள் போகின்றன. நமது யுக்தியைக் கேட்ட நம் வீட்டு அம்மாள், "எக்ஸெல் உங்களுக்கு மட்டும் தெரியுமோ?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டாள். அந்த வாரம் முழுவதும் இரவு பதினொரு மணி வரையில் நாம் கண் விழித்துப் பாடம் படித்தோம் என்பதையும் இங்கே ஒப்புக்கொண்டு விடுகிறோம்.

படித்ததில் ஒரு செய்தி நமக்குப் பரம சந்தோஷத்தை அளித்தது. இந்த விரிதாள் என்பது பிறந்ததே ஒரு வகுப்பறையில்தான். 1978ஆம் வருஷம், அமெரிக்காவில் ஹார்வர்ட் வியாபாரக் கல்லூரியில் டான் பிரிக்லின் என்ற மாணவர் படித்துக்கொண்டிருந்தார். ஆசிரியர் கரும்பலகையில் கட்டம் கட்டமாகக் கோடு கிழித்து வியாபாரக் கணக்கைப் போடுவார். நடுவில் ஓர் எண்ணை மாற்றினால், அதைச் சார்ந்த எண்கள் யாவற்றையும் ஒன்றன்பின் ஒன்றாக அழித்து எழுதவேண்டும். 'தானே அழித்துத் தானே எழுதிக்கொள்ளும் கரும்பலகை ஒன்று இருந்தால்!' என்று அந்த மாணவருக்குத் தோன்றிற்று. பாப் பிராங்ஸ்டன் என்ற நண்பர் அதைக் கம்ப்யூட்டருக்குரிய முறையில் எழுதிக் கொடுத்தார். 1979இல் 'விசிகால்க்' என்ற பெயருடன் அது ஆப்பிள் 2 கம்ப்யூட்டரில் வெளிவந்தது. எக்ஸெல் வந்தது அதற்குப் பின், 1985இல். ஆக, வாத்தியார் கையில் சுண்ணாம்புக் கட்டி படும் பாட்டைப் பார்த்துப் பரிதாபப்பட்ட ஒரு மாணவனுடைய சிந்தனை இது. நம்முடைய மாணவர்களில் எவனுக்கும் இதுவரை அப்படிப்பட்ட பரிதாபம் உண்டானதாகத் தெரியவில்லை.

இனி, பத்தும் பத்தும். முதல் நாள் வகுப்பில் இரண்டு கட்டங்களில் 10.4 என்று இரு முறை எழுதி, மூன்றாவது கட்டத்தில் அவற்றைக் கூட்டச் சொன்னோம். பிறகு, புள்ளிக்குப் பின்னால் ஒன்றும் காட்டாதே என்று எக்ஸெலுக்குக் கட்டளை கொடுத்தோம். முதல் கட்டம் 10 என்றது. இரண்டாவதும் 10 என்றது. கூட்டல் கட்டமோ, 20.8ஐ முழுசாக்கி, 21 என்றது. எல்லோரும் எழுதிக்கொண்டார்கள் என்று சொன்னோமே, சோதனைப் பிரிவின் மானேஜரான அம்மாள் ஒருவர் எழுதி முடித்த பிறகு தலையைத் தூக்கி, "சார், இதுக்குள்ள ஏதோ ஒளிஞ்சிட்டு இருக்குதுங்க" என்றார். அந்த நிமிஷத்தில்தான் வகுப்பு ஆரம்பமாயிற்று என்று நாம் கொள்கிறோம்.

அன்றே ஒரு சட்டம் செய்தோம். எந்தச் சூத்திரத்தை எழுதினாலும், எண்டர் விசையைத் தட்டுவதற்கு முன் விரலைத் தூக்கிவிட வேண்டும், விடை சுமாராக எவ்வளவு வரும் என்று வாயால் சொல்லவேண்டும், பக்கத்தில் உள்ளவர் அதைக் குறித்துக்கொள்ளவேண்டும், பிறகுதான் தட்டலாம். விடை சரியாக இருக்க வேண்டும் என்பதில்லை. ஆயிரம் என்று சொன்னவருக்குப் பதினாயிரம் வந்தால் அவர் ஒரு கணம் நின்று யோசிக்கவேண்டும், அவ்வளவுதான்.

நம் பாட்டனார் திண்ணைப் பள்ளிக்கூடத்தில் எண்சுவடி படித்தவர். முந்திரி என்றால் 320இல் ஒரு பங்கு, காணி என்றால் 80இல் ஒரு பங்கு, மா என்றால் 20இல் ஒரு பங்கு என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவார். அந்தக் குருட்டு மனப்பாடத்தை நாம் புகழ வரவில்லை. பிரம்படி பட்டுக் கற்றது அது. ஆனால் அவரிடம் யாரும் தப்புக் கணக்கைக் காட்டி நகர்ந்துவிட முடியாது. விவரமாகப் பார்ப்பதற்கு முன்பே, "இது இவ்வளவு வராதே!" என்பார். கம்ப்யூட்டரின் முன் உட்காருகிறவர்களுக்கு நாம் திரும்பக் கொடுக்க நினைத்தது அந்த 'இவ்வளவு வராதே' ஒன்றைத்தான்.

இரண்டாம் வாரம் செம்பு விலையை எடுத்துக்கொண்டோம். 100 ரூபாய்ச் சரக்கு 20 சதவீதம் ஏறி, பிறகு 20 சதவீதம் இறங்கினால் எங்கே வந்து நிற்கும்? "பழைய இடத்துக்கே" என்று கூடம் முழுவதும் ஒரே குரலில் சொல்லிற்று. விசையைத் தட்டினார்கள். 96 என்று வந்தது. ஏறியது 100இன் மேல், இறங்கியது 120இலிருந்து. இதை நாம் கரும்பலகையில் ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறோம். தாங்களே ஏமாந்து கண்டுகொண்டபோது அவர்களுக்கு அது ஏறிய மாதிரி, நாம் சொல்லி ஒருவருக்கும் ஏறியதில்லை.

கொள்முதல் மானேஜருக்கு வேறொரு பழக்கம் இருந்தது. வரியும் சேர்த்து 11,800 ரூபாய் என்று ஒரு பில் வந்தால், வரி 18 சதவீதம் என்பதற்காக 11,800இலேயே 18 சதவீதத்தைக் கழித்துவிடுவார். கழித்தால் 9,676. நாம் ஒன்றும் சொல்லவில்லை. "அடுத்த கட்டத்தில் இதன்மேல் 18 சதவீதம் கூட்டித் திரும்பிப் போங்கள்" என்றோம். 11,417 ரூபாயும் சில்லறையும் வந்தது. அவர் அந்த எண்ணையே வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தாமாகவே 11,800ஐ 1.18ஆல் வகுத்தார், 10,000 என்று சுத்தமாக வந்தது. அன்று முதல் அவர் எந்தக் கணக்குக்கும் கீழே 'திரும்பிப் போகும் வரிசை' ஒன்று வைக்க ஆரம்பித்தார். மற்றவர்களும் அதைப் பார்த்து வைத்துக்கொண்டார்கள்.

மூன்றாம் வாரத்துப் பாடம்தான் நம்மைச் சோதித்த பாடம். அடக்க விலை 100. அதன்மேல் 25 சதவீதம் வைத்துப் பட்டியல் விலை 125. இதில் லாபம் எவ்வளவு? அடக்கத்தின்மேல் பார்த்தால் 25 சதவீதம். விற்பனை விலையின்மேல் பார்த்தால் 125இல் 25, அதாவது 20 சதவீதம். வியாபாரிகள் இரண்டையும் 'மார்ஜின்' என்ற ஒரே பெயரால் அழைத்து, சௌகரியம்போல் மாற்றி மாற்றிப் பேசுகிறார்கள். அடுத்த நெடுவரிசையில் தள்ளுபடி என்று போட்டு, "20 சதவீதம் தள்ளினால் மிச்சம் எவ்வளவு? விரலைத் தூக்குங்கள்" என்றோம். "அஞ்சு" என்று பல குரல்கள் எழுந்தன. தட்டினார்கள். 125இல் 20 சதவீதம் 25. விற்ற விலை 100. லாபக் கட்டத்தில் பூஜ்யம் நின்றது.

கடைசி பெஞ்சியில் விற்பனை மானேஜர் உட்கார்ந்திருந்தார். ஐம்பத்து மூன்று வயது. அதே தொழிற்சாலையில் பிட்டராகச் சேர்ந்து, படிப்படியாக உயர்ந்தவர். சுற்று வட்டார ஜில்லாக்களில் அவரை அறியாத பம்புக் கடைக்காரர் இல்லை என்பார்கள். முதல் இரண்டு வாரமும் அவர் விசைப் பலகையைத் தொடவில்லை. பக்கத்திலிருந்த இளைஞர் தட்டுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அன்று வகுப்பு முடிந்ததும், பஸ் ஸ்டாப்பு வரையில் வருகிறேன் என்று நம்முடன் நடந்து வந்தார். பாதி வழியில் நின்றார்.

"வாத்தியார் ஐயா, போன வருஷத்துத் தள்ளுபடித் திட்டம் நான் போட்டதுங்க. இருபத்தஞ்சு வெச்சு விக்கறோம், இருபது குடுத்தா அஞ்சு நிக்குமேன்னு போட்டேன். ஏழு மாசம் ஓடுச்சு. லாரி வாடகை, கமிஷன் எல்லாம் அதுக்கு மேல. முதலாளி செம்பு விலைதான் காரணம்ன்னு நினைச்சிட்டு இருக்காருங்க. நான் சொல்லலாமுங்களா, வேண்டாமுங்களா?"

சொல்லுங்கள் என்று சட்டென்று சொல்ல நமக்கு நா எழவில்லை. பஸ் வந்துவிட்டது, நாம் ஏறிவிட்டோம். உண்மையில் பஸ் வந்ததற்காக மிகவும் சந்தோஷப்பட்டோம்.

நா எழாததற்குக் காரணம் இருந்தது. ஆறு வருஷத்துக்கு முன் நமது பள்ளிக்கூடத்தில் இரண்டு பிரிவுகளின் பரீட்சை முடிவைத் தொகுத்துக் கொடுக்கும் வேலை நம்மிடம் வந்தது. 'அ' பிரிவில் 40 பேர். 90 சதவீதம் தேறினார்கள். 'ஆ' பிரிவில் 20 பேர், 60 சதவீதம். எக்ஸெலில் 90ஐயும் 60ஐயும் வைத்து, சராசரிச் சூத்திரத்தைப் போட்டோம். 75 என்று வந்தது, அப்படியே கொடுத்துவிட்டோம். தேறிய தலைகளை எண்ணியிருந்தால் 36உம் 12உம் 48. 60க்கு 48 என்பது 80 சதவீதம். முந்திய வருஷம் 79. எனவே பள்ளிக்கூடம் ஒரு படி ஏறியிருக்க, நமது தாள் நாலு படி இறங்கியதாகக் காட்டிற்று. தலைமை ஆசிரியர் 'ஆ' பிரிவை நடத்திய இளம் ஆசிரியையை அழைத்துக் கடுமையாகப் பேசினார். இரண்டு வாரங்களுக்குப் பிறகு பிழையைக் கண்டுபிடித்தோம். புதிய தாளைக் கோப்பில் சத்தமில்லாமல் மாற்றி வைத்தோம். அந்த அம்மாளிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. மறு வருஷம் அவர் வேறு ஊருக்கு மாற்றலாகிப் போய்விட்டார். எண் சரியாகிவிட்டதல்லவா என்று நம்மை நாமே தேற்றிக்கொண்டோம்.

நான்காம் வாரம் சராசரி பாடம். 100 கிலோ செம்புக் கம்பி கிலோ 900 ரூபாய் வீதமும், 900 கிலோ 800 ரூபாய் வீதமும் வாங்கினால் சராசரி விலை 850 அல்ல, 810தான் என்று ஆரம்பித்தவர்கள், மேலே சொன்ன கதையையும், வெட்கத்தை விட்டு, முழுவதும் சொல்லிவிட்டோம். கூடத்தில் சத்தமே இல்லை. கடைசி பெஞ்சியின் பக்கம் நாம் பார்க்கவில்லை.

சூழ்நிலையைச் சற்று இலேசாக்குவதற்காகப் பெரிய இடத்துச் சமாசாரம் ஒன்றும் சொன்னோம். 2010ஆம் வருஷம் கார்மென் ரைன்ஹார்ட், கென்னத் ரோகோஃப் என்ற பொருளாதார அறிஞர் இருவர், தேசங்களின் கடனைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். கடன் வரம்பு மீறினால் தேசத்தின் வளர்ச்சி குன்றிவிடும் என்பது அதன் சாரம். மந்திரிகள் அதை மேற்கோள் காட்டிச் செலவைச் சுருக்கினார்கள். 2013இல் மாசச்சூசெட்ஸ் சர்வகலாசாலை மாணவரான தாமஸ் ஹெர்ண்டன் அவர்களுடைய எக்ஸெல் தாளையே வாங்கிப் பார்த்தார். சராசரி எடுக்கும் சூத்திரம் 49ஆம் வரிசை வரையில் போகவேண்டியது, 44ஆம் வரிசையோடு நின்றிருந்தது. ஐந்து தேசங்கள் விட்டுப் போயிருந்தன. கணக்கில் வந்த வித்தியாசம் முழுவதும் அதனால் மட்டும் நேர்ந்ததல்ல. எந்த வருஷங்களைச் சேர்ப்பது, எந்தத் தேசத்துக்கு எவ்வளவு எடை கொடுப்பது என்ற தகராறுகளும் இருந்தன. ஆனால் அறிஞர்கள் சூத்திரப் பிழையை ஒப்புக்கொண்டார்கள். தங்கள் முடிவை மாத்திரம் விடவில்லை. "அப்போ நம்ம வாத்தியார் பரவாயில்லைங்க" என்று யாரோ சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். நாமும் சிரித்துவைத்தோம்.

அடுத்த வாரம் கடன். ஸ்டோர்ஸ் மானேஜர் ஸ்கூட்டருக்காக ஒரு லட்ச ரூபாய், 12 சதவீத 'ஃப்ளாட்' வட்டியில், 12 மாதத் தவணைக்கு வாங்கியிருந்தார். 12,000 வட்டியைச் சேர்த்துப் 12ஆல் வகுத்து, மாதம் 9,333 ரூபாய் கட்டுகிறார். "மாதம் ஒரு வரிசையாகப் போடுங்கள்: பாக்கி, அதன்மேல் அந்த மாதத்து வட்டி, கட்டியது, மிச்சம்" என்றோம். மாதத்துக்கு 1 சதவீதம் என்று போட்டால், கடைசி வரிசையில் கடன் தீர்ந்து, மேலும் ஏறக்குறைய 5,700 ரூபாய் அவர் அதிகம் கட்டியதாக வந்தது. வட்டிக் கட்டத்தில் எண்ணை ஏற்றிக்கொண்டே போனார்கள்; வருஷத்துக்கு 15, 18, 20 என்று. மிச்சம் பூஜ்யத்தைத் தொட்டபோது வட்டி ஏறக்குறைய 21½ சதவீதம்! மாதாமாதம் திருப்பிக் கொடுத்துக்கொண்டே வருகிறவர் கையில், சராசரியாக வருஷம் முழுவதும் பாதிக்குச் சற்று மேல்தான் பணம் இருக்கிறது. வட்டியோ முழு லட்சத்துக்கும். ஸ்டோர்ஸ் மானேஜர் தம் மனைவிக்குப் போன் செய்யக் கூடத்துக்கு வெளியே போய்விட்டார். அன்றைய பாடம் அதோடு முடிந்தது.

ஆறாம் வாரம் முதலாளியும் வந்து உட்கார்ந்தான். அவரவர் பிரிவிலிருந்து ஓர் உண்மைக் கணக்கைக் கொண்டு வந்து போட்டுக் காட்டவேண்டும் என்று சொல்லியிருந்தோம். சோதனைப் பிரிவு அம்மாள் கழிவுக் கணக்கு ஒன்று காட்டினார். இன்னும் இருவர் காட்டினார்கள். பிறகு கடைசி பெஞ்சியிலிருந்து விற்பனை மானேஜர் எழுந்து வந்தார். இளைஞரைக் கூப்பிடவில்லை, தாமே உட்கார்ந்து, ஒற்றை விரலால், ஒவ்வோர் எழுத்தாகத் தேடித் தட்டினார். அடக்கம், பட்டியல் விலை, தள்ளுபடி, விற்ற விலை, லாரி வாடகை, மிச்சம். தலைப்பில் போன வருஷத்துத் திட்டத்தின் பெயரையே எழுதினார். மிச்சம் என்ற கட்டத்தில் கழித்தல் குறி வந்து நின்றது.

"இது செம்பு விலை இல்லீங்க தம்பி. இது நான் போட்ட கணக்கு" என்றார். தொழிற்சாலையில் முதலாளியை அவர் தம்பி என்று அழைத்து நாம் கேட்டதில்லை. அவன் தகப்பனார் காலத்துப் பழக்கம் போலும்.

முதலாளி வெகுநேரம் பேசவில்லை. நாம் சுண்ணாம்புக் கட்டியைக் கையில் உருட்டிக்கொண்டு நின்றோம். கடைசியில் அவன் எழுந்து போய் அவர் பக்கத்திலேயே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டான். "சரிங்க அண்ணா. வாடகையை இப்போதைக்கு விட்டுடுங்க. அடக்கத்து மேல நூத்துக்குப் பத்து நிக்கோணும்ன்னா எவ்வளவு தள்ளலாம்?" என்றான். "பதினைந்து" என்றது முன் பெஞ்சி. போட்டுப் பார்த்தார்கள், 106.25 என்று வந்தது, பத்து நிற்கவில்லை. வேறு யாரோ 13 என்றார். விற்பனை மானேஜர் விசைப் பலகையிலிருந்து கையை எடுத்துவிட்டார். சட்டைப் பையிலிருந்து ஏதோ ஒரு பழைய பில்லை எடுத்து, அதன் முதுகில் பென்சிலால் எழுதினார். 125, 110, நடுவில் 15 என்று எழுதினது நமக்குத் தெரிந்தது. பதினைந்தைப் பார்த்தார், நூற்றிருபத்தைந்தைப் பார்த்தார், உதடுகள் அசைந்தன.

"பன்னண்டு" என்றார். அதன் பிறகுதான் விசையைத் தட்டினார்.